புருஷனைக் கூட்டிக்கொண்டு வா

குளிப்பதற்காகத் தகரத் தடுப்புக்குள் போன தவமணி, உள்பாவாடையில் இருந்த கறையைப் பார்த்ததும் அப்படியே ஈரப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். தகரத்தின் ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தேகமில்லை. வரவேண்டியது வந்துவிட்டது. அது தள்ளிப்போன நாட்களில் சோறு வடிக்கும்போதும் பிள்ளைக்குப் பால் கரைக்கும்போதும் அவள் தன் சாவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாள். பெரியவளை யாரிடம் விடுவது, சின்னவள் யார் கையில் சாப்பிடுவாள், தன் சேலைகளை என்ன செய்வார்கள் என்பது வரை யோசித்தாயிற்று. இப்போது துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். வெளியே குழாயடியில் வாளிகளோடு நின்ற பெண்களில் ஒருத்தி தகரத்தைத் தட்டினாள். "இன்னும் எவ்வளவு நேரம்லா? ஃபேக்டரி பஸ் வந்துரும்." தவமணி எழுந்து அவசரமாகத் தண்ணீரை அள்ளி ஊற்றினாள். நாலு சொம்பு ஊற்றுவதற்குள் மூச்சு வாங்கியது. தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த மாதம் தப்பித்துவிட்டோம், அடுத்த மாதமும் இதே பலகையில்தான் உட்கார வேண்டும் என்று நினைத்தபோது, அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தீர்மானித்தாள்.

பந்திங் பக்கத்தில் அவர்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது, லயத்து வரிசை வீடுகளிலிருந்த இளவட்டங்கள் எல்லாரும் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். தவமணியும் அவள் புருஷன் ரெங்கசாமியும் கிள்ளானுக்கு வந்து, ரயில் பாதையை ஒட்டிய புறம்போக்குக் குடியிருப்பான கம்பத்தில் ஒரு பலகை வீட்டைப் பிடித்தார்கள். அவனுக்கு லோரி ஓட்டும் வேலை கிடைத்தது. துறைமுகத்திலிருந்து சரக்கேற்றிக்கொண்டு குவாந்தான், ஈப்போ, ஜொகூர் என்று போய்விட்டு நாள் கழித்து வருவான். அவள் கொஞ்ச நாள் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் டின் அடுக்கினாள். இரண்டாவது பிள்ளை பிறந்தபோதுதான் அவளுடைய இருதயத்தின் நிலைமை தெரிய வந்தது. பிரசவத்தன்று மூச்சு முட்டி, உதடெல்லாம் நீலம் பூத்து, அவளைப் பிழைக்க வைக்க டாக்டர்கள் பெரும்பாடு பட்டார்கள். பஞ்சாபி லேடி டாக்டர் ஒருத்தி படுக்கையருகே உட்கார்ந்து, சின்ன வயதில் எப்போதாவது காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கியதா என்று கேட்டாள். வீங்கியது. தோட்டத்து டிரஸர் சிவப்பு மருந்து கொடுத்தார், சரியாகிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்தக் காய்ச்சல் இருதயத்தில் போய்த் தங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னாள். இன்னொரு பிள்ளை உண்டானால் தாயும் இருக்க மாட்டாள், பிள்ளையும் இருக்காது. பிள்ளைக்குழாயைக் கட்டிவிட வேண்டும், புருஷனைக் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

அதற்குப் பிறகு அவள் எங்கே போனாலும் இதே பேச்சுதான். கிளினிக்கில் மலாய் நர்ஸ் மிஸி அவளுடைய அட்டையைப் பார்த்துவிட்டு, "சுவாமி மானா?" என்று கேட்டாள். புருஷன் எங்கே என்று அர்த்தம். மலாயில் புருஷனுக்கு சுவாமி என்றுதான் பெயர். அடுத்த முறையும், "சுவாமி வரலையா?" என்றாள். சுவாமி குவாந்தான் சடக்கில் சரக்கு லோரியை ஓட்டிக்கொண்டிருந்தான். பிள்ளை உண்டாகாமலிருக்க மாத்திரை தாருங்கள் என்று தவமணி கேட்டாள். இந்த இருதயத்துக்கு அந்த மாத்திரை ஆகாது என்றார்கள். உள்ளே வைக்கும் வளையமும் ஆகாது. கடைசியில் மிஸி ஆணுறைகளைச் செய்தித்தாளில் சுற்றி அவள் கையில் திணித்து அனுப்பினாள். ரெங்கசாமி அதைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தான். ஆனாலும் ஒன்றிரண்டு தடவை சொன்னபடி கேட்டான். பிறகு ஒருநாள் அவன் சிநேகிதர்களோடு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, பெரியவள் அமுதா மிச்சமிருந்ததை எப்படியோ எடுத்து ஊதி பலூனாக்கிக்கொண்டு அவர்கள் நடுவில் வந்து நின்றாள். சிநேகிதர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதோடு அந்தப் பேச்சு அந்த வீட்டில் முடிந்தது.

ரெங்கசாமி கெட்டவன் இல்லை. அவளை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவான். அவனுடைய அக்கா செல்லம்மா தோட்டத்தில் இருந்தபோது அந்த ஆபரேஷன் செய்துகொண்டவள். வயிறு வீங்கி, புண்ணில் சீழ் கட்டி, கடைசியில் துரையின் லோரியில் பலகை போட்டு அவளைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவன் அவன்தான். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. "அறுத்துப் போட்டா எந்திரிக்க மாட்டே தவம். நான் பாத்துட்டேன். நீ பாக்கல," என்று ஒரே ஒரு முறை சொன்னான். வேறென்ன வழி என்று அவள் கேட்டதற்கு, "நான் பாத்துக்கிறேன்லா," என்றான். பார்த்துக்கொள்ளவும் செய்தான். சில மாதங்கள் வீட்டுக்கு வந்தாலும் லோரியிலேயே படுத்துக்கொண்டான். அப்புறம் ஒரு தீபாவளி வந்தது. அதற்குப் பிறகு எப்போதாவது. அவனை மட்டும் குறைசொல்ல அவளால் முடியவில்லை. அவளுக்கும் வயது இருபத்துநாலுதான். நாள் கணக்காகக் காணாமல் இருந்து வருகிறவனை எட்டிப் போ என்று சொல்ல அவளுக்கும் மனது வராத இரவுகள் இருந்தன. மறுநாள் காலையிலிருந்து பயம் தொடங்கும்.

பக்கத்து வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்த சாந்தமேரியிடம்தான் இதையெல்லாம் சொல்ல முடிந்தது. பெட்டாலிங் ஜெயாவில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண் அவள். கல்யாணம் ஆகவில்லை. கூட வேலை செய்கிற ஒருவனோடு பழக்கம் இருந்தது. மாத்திரை கேட்டுக் கிளினிக்குக்குப் போனபோது, கல்யாணம் ஆகாதவளுக்கு இங்கே என்ன வேலை என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டு அவளை அனுப்பிவிட்டார்கள். வேதக்காரப் பெண்ணான அவள், மறுவாரம் மஞ்சள் கயிற்றில் கவரிங் தாலியைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேறொரு இடத்துக்குப் போய், லெட்சுமி என்று பெயர் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாள். குளித்துவிட்டு வந்த தவமணி தலையைத் துவட்டாமல் நேரே அவளிடம் போய் உட்கார்ந்தாள்.

"பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்குக்கா. ஏழைங்களுக்கு இந்த ஆபரேஷன் சும்மா செய்றாங்க. எங்க ஃபேக்டரி லைன்ல ஒருத்தி போய்ட்டு வந்தா," என்றாள் சாந்தமேரி.

"அங்கயும் புருஷன் எங்கன்னுதானே கேப்பாங்க."

"கேப்பாங்க. உங்களுக்குக் கோயில்ல கட்டுன கல்யாணம். ரிஜிஸ்டர் கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. யாரு வந்து புருஷன்னு நின்னாலும் புருஷன்தான்." சாந்தமேரி சீப்பை எடுத்து அவள் ஈரத்தலையை வாரத் தொடங்கினாள். "இல்லாத புருஷனயே நான் உண்டாக்கிட்டேன். உங்களுக்கு ஆள மட்டும் மாத்தணும், அவ்வளவுதான்."

அந்த ஆள் யார் என்பதில் தவமணிக்கு யோசனையே தேவைப்படவில்லை. கன்னையா ஒருவன்தான் இருந்தான். அவனும் அதே தோட்டத்துப் பையன். தகரப் பெட்டியோடு வந்து கிள்ளான் பஸ் ஸ்டாண்டில் விழித்துக்கொண்டு நின்றவனை வீட்டுக்கு அழைத்து வந்து, சீனன் ஒருவனின் டயர்க் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டவன் ரெங்கசாமி. அன்றிலிருந்து சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். ரெங்கசாமியை அண்ணே என்பான், அவளை அண்ணி என்பான். அன்று மத்தியானம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது, குழம்பை ஊற்றிவிட்டு அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டு வரும்போதே அவன் கை தட்டில் நின்றுவிட்டது.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னை வெட்டிப் போட்ருவாரு அண்ணி."

"எனக்கு ஒன்னு ஆயிருச்சுன்னா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். டயர்க் கடைக் கறுப்பு நகக்கண்களில் குழம்பு ஏறியது. மூலையில் ஏணையில் கிடந்த சின்னவள் சிணுங்கியதும் தவமணி எழுந்து போய் ஆட்டினாள். நாலு ஆட்டு ஆட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அவன் அதைப் பார்த்தான். மீதிச் சோற்றை அவசரமாக விழுங்கி, கை கழுவி வந்து, வாசலில் நின்றபடியே கேட்டான்.

"என்னைக்குப் போகணும்?"

ரெங்கசாமி கிழக்குக்கரைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போன மறுநாள் போனார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள சாந்தமேரி லீவு போட்டிருந்தாள். கோலாலம்பூர் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தாலும் இருவருக்கும் நடுவில் துணிப்பையை வைத்துக்கொண்டார்கள். பஸ் பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டும்போது தவமணி மெதுவாகச் சொன்னாள். "நீ கன்னையாதான். உன் ஐசி கார்டத்தான் காட்டப்போற. நான் உன் சம்சாரம். ரெண்டும் பொம்பளப் புள்ள. இதுக்கு மேல நீயா ஒன்னும் சொல்லாத. அண்ணின்னு மட்டும் கூப்டாத."

"வேற எப்படிக் கூப்புடுறது?"

"பேரச் சொல்லிக் கூப்புடு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உதட்டை அசைத்துப் பார்த்தான். சத்தம் வரவில்லை. காது சிவந்து போயிருந்தது.

ஆஸ்பத்திரி என்பது பழைய மாடிவீடு ஒன்றுதான். கீழே டாக்டரின் அறை, மேலே ஆபரேஷன் அறையும் ஒரு வார்டும். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்கு வந்தவர்கள் என்று அவர்கள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் நரைத்த மீசை வைத்தவர். குழாயை அவள் நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. ஏன் பெரிய ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளவில்லை என்றார். அங்கே ரொம்ப நாள் காக்கவைக்கிறார்கள் என்று பொய் சொன்னாள். முழு மயக்கம் கொடுக்க முடியாது, மரக்க ஊசி போட்டுத்தான் செய்ய வேண்டும், வலிக்கும், இருதயம் இப்படி இருப்பதால் எதுவும் நடக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் கன்னையாவின் பக்கம் திரும்பினார். "என்ன மிஸ்டர், உங்களுக்குச் சம்மதமா?" கன்னையா தலையை ஆட்டினான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். பேனாவை விட்ட பிறகும் அவன் விரல்கள் மடங்கியே இருந்தன.

மாடிப்படி செங்குத்தாக இருந்தது. ஸ்டாஃப் நர்ஸ் டோரிஸ் முன்னால் ஏறினாள். கழுத்தில் சின்ன வெள்ளிச் சிலுவையும் வெள்ளை உடுப்புமாக இருந்த அவள் அந்த வட்டாரத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். பாதிப் படியில் தவமணிக்கு மூச்சு நின்று நின்று வந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குனிந்தாள். பின்னால் வந்த கன்னையா பதறிப்போனான்.

"அண்ணி, உக்காருங்க அண்ணி. மெதுவா."

டோரிஸ் திரும்பிப் பார்த்தாள். மூவரும் படியிலேயே நின்றார்கள். கீழே யாரோ இருமினார்கள். டோரிஸ் இறங்கிவந்து, தவமணியின் தோளைப் பிடித்து ஏற்றி, வார்டுக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறைக்குள் இருவரையும் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இது யாரு?"

கன்னையா தரையைப் பார்த்தான். தவமணி சொன்னாள். "எம் புருஷனோட சிநேகிதன் மிஸி. அவருக்கு இது தெரியாது. அவரு சம்மதிக்க மாட்டாரு."

"நான் கீழ போய் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன்னா என்னாகும் தெரியுமா? போலீஸ் கேஸ். உனக்கு மட்டுமில்ல, டாக்டருக்கும்." டோரிஸின் குரல் உயரவில்லை. "எங்க சபையிலயே இது பாவம்னுதான் சொல்றாங்க. அதையும் மீறித்தான் நான் இங்க வேலை செய்றேன். அதுல நீங்க பொய் வேற சொல்லிட்டு வந்து நிக்கிறீங்க."

தவமணி அழவில்லை. டோரிஸின் கையை எடுத்துத் தன் இடது மார்புக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே பூனை உறுமுவது போல அது அதிர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அவள்மேல் படுத்துத் தூங்கும்போது அந்த அதிர்வோடுதான் தூங்கும். "போன மாசம் தள்ளிப்போச்சு மிஸி. ஒவ்வொரு நாளும் செத்தேன். இன்னொரு வாட்டி என்னால முடியாது. நீங்க போகச் சொன்னா போறேன். போயி அந்தத் தண்டவாளத்துலதான் படுக்கணும்."

டோரிஸ் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு கன்னையாவைப் பார்த்தாள்.

"தம்பி, நீ ஒன்னு தெரிஞ்சிக்க. உள்ள ஏதாவது ஆயிட்டா, வெளிய வந்து நாங்க உன்னைத்தான் கூப்புடுவோம். பொணத்த நீதான் கையெழுத்துப் போட்டு வாங்கணும். வாங்கி இவ புருஷன் வீட்டுக்கு நீதான் கொண்டு போகணும். முடியுமா உன்னால?"

கன்னையாவின் முகத்தில் ரத்தமே இல்லை. முடியும் என்பது போலவோ என்னவோ தலையை அசைத்தான். டோரிஸ் அலமாரியிலிருந்து பச்சை அங்கியை எடுத்துத் தவமணியிடம் கொடுத்தாள். "மாத்திக்க. என் காதுல ஒன்னும் விழல," என்றாள். கன்னையா, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் படியிறங்கிப் போனான். அங்கியை மாட்டிக்கொண்டு தவமணி காத்திருந்தாள். அவளைக் கூப்பிடும்வரை அவன் திரும்பி வரவில்லை.

மரக்க ஊசி தோலை மட்டும்தான் மரக்க வைத்தது. உள்ளே கை போனதும் அவளுடைய குடலையே யாரோ கயிறு போலப் பிடித்து இழுத்தார்கள். கத்தினால் இருதயம் நின்றுவிடும் என்று அவளாக நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். டாக்டர் பக்கத்திலிருந்தவரோடு இங்கிலீஷில் டுரியான் பழத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வேலை செய்தார். நெற்றி வியர்வையை டோரிஸ் துடைத்துவிட்டாள். நெஞ்சு இடறி இடறி ஓடியது. ஒரு சமயம் ஓடுவதை விட்டுவிட்டு எங்கோ தொங்கி நின்றது. இப்போது போய்விட்டால் கன்னையாவின் பொண்டாட்டியாகத்தான் போவோம் என்ற நினைப்பு அவளுக்கு வந்தது. அந்தப் பெயரில்தான் எரிப்பார்களா. அமுதா வளர்ந்து கேட்டால் என்ன சொல்வார்கள். ரெங்கசாமி எந்த ஊர் டீக்கடையில் நின்றுகொண்டு அதைக் கேள்விப்படுவான். செல்லம்மாவின் தலையை மடியில் வைத்திருந்த அந்த ஆள், பொண்டாட்டியின் தலையை மடியில் வைக்கக்கூட உரிமை இல்லாமல் நிற்பான் என்று தோன்றியதும் முதல் தடவையாக அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. பிறகு டாக்டர், "ஆச்சும்மா, முடிஞ்சிருச்சு," என்றார்.

மத்தியானம் முழுவதும் வார்டில் தூங்கித் தூங்கி விழித்தாள். ரயில் போகும் சத்தம் அடிக்கடி கேட்டது. எதிர்க் கட்டிலில் புதுப்பிள்ளையோடு இருந்த பெண்ணைப் பார்க்க ஒரு குடும்பமே ஃபிளாஸ்க்கும் பழமுமாக வந்தது. தவமணியின் அருகில் ஸ்டூல் காலியாகக் கிடந்தது. கன்னையா ஓடிவிட்டான். அவனைக் குறைசொல்ல முடியாது. நாளைக்கு எப்படித் தனியாகப் பஸ் ஏறுவது, தையலோடு வாளி தூக்க முடியாதே, ரெங்கசாமி கேட்டால் எங்கே விழுந்தேன் என்று சொல்வது என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்தபோது வார்டு வாசலில் ஒரு நிழல் விழுந்தது. தலையைத் திருப்பினாள். ரெங்கசாமி நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கன்னையா.

எழுந்திருக்கப் பார்த்தாள், வலி இழுத்துப் போட்டது. ரெங்கசாமி நடந்துவந்து கட்டில் காலடியில் நின்றான். எண்ணெய்க்கறை படிந்த லோரிச் சட்டை. முகத்தில் இரண்டு நாள் தாடி. அவன் அவளைப் பார்க்கவில்லை. கட்டிலில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்தான். அவனுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். உதடு அசையாமல் படித்தான். புருஷன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கன்னையா என்று இருந்தது.

"நான்தான் லோரி யார்டுக்குப் போன் போட்டேன் அண்ணி," என்று கன்னையா மெல்லச் சொன்னான். "எனக்குப் பயமா இருந்துச்சு. அண்ணன் அப்பதான் சரக்கு எறக்கிட்டு வந்திருந்தாரு."

"முடிஞ்சிருச்சா?" என்றான் ரெங்கசாமி.

அவள் தலையை ஆட்டினாள்.

"செத்துருந்தேன்னா?" குரல் அடித்தொண்டையில் இருந்தது. "வந்து கேக்குறதுக்கு எனக்கு என்ன இருக்கு இங்க? எவன் பொண்டாட்டின்னு சொல்லி உன்னத் தூக்கிட்டுப் போவேன்?"

அவள் பதில் சொல்வதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டர் ராதாகிருஷ்ணன் மேலே வந்தார். டோரிஸ் மேசையிலிருந்து எழுந்து வேகமாக அவர் பின்னால் வந்தாள். ரெங்கசாமியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கை தானாகப் போய்ச் சிலுவையைப் பிடித்துக்கொண்டதைத் தவமணி பார்த்தாள். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், கட்டைத் தொட்டுப் பார்த்தார், திருப்தியாக நிமிர்ந்தார். அப்போதுதான் புதிய ஆளைக் கவனித்தார்.

"இவரு யாரு?"

எதிர்க் கட்டிலில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. கன்னையா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். ரெங்கசாமி டாக்டரைப் பார்த்தான். பிறகு டோரிஸை. பிறகு அந்த அட்டையை. தவமணி கண்ணை மூடிக்கொண்டாள். தான்தான் புருஷன் என்று அவன் சொன்னால் எல்லாம் முடிந்தது. சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது.

"அண்ணன்," என்றான் ரெங்கசாமி.

"ஓ, கூடப்பொறந்தவரா?"

"ஆமா டாக்டர்."

"உங்க தங்கச்சி ரொம்ப தைரியசாலி. இந்த இருதயத்த வச்சிக்கிட்டு இன்னொரு புள்ள வந்திருந்தா ஆளே இருந்திருக்க மாட்டாங்க." டாக்டர் திரும்பி, சுவரோரம் நின்ற கன்னையாவின் தோளைத் தட்டினார். "உங்க மச்சானத்தான் பாராட்டணும். இங்க வர்ற புருஷமாருங்க பாதிப் பேரு கையெழுத்துப் போட மாட்டானுங்க. ஏதோ அவனுங்க வயித்த அறுக்கிற மாதிரி ஓடிருவானுங்க. பொண்டாட்டி உசுருன்னு நெனச்சுப் போட்டாரு பாருங்க."

ரெங்கசாமி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். கன்னையா அழுதுகொண்டிருந்தான். தோள் மட்டும் குலுங்கியது. ரெங்கசாமி ஸ்டூலில் உட்கார்ந்தான். தவமணி போர்வைக்கு வெளியே கையை நீட்டினாள். அந்தக் கை அவன் முட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் கட்டில் விளிம்பில் கிடந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். தொடவில்லை. கோபமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. காப்பாற்றுவதற்காகச் சொன்னானா, இனிமேல் நீ எனக்கு அவ்வளவுதான் என்று சொன்னானா. ஒரே சொல்தான். அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க," என்றாள்.

"மெதுவா பேசு. கேக்கப் போவுது."

"புள்ளைங்க சாந்தமேரிகிட்ட இருக்கு."

"தெரியும். பாத்துட்டுத்தான் வரேன்." அவள் வயிற்றுப் பக்கம் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டான். அவள் ஆமாம் என்றாள். அவன் உள்ளங்கைகளால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான்.

மணி அடித்தது. பழமும் ஃபிளாஸ்க்குமாக வந்தவர்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். டோரிஸ் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். தவமணியின் கட்டிலுக்கு வந்தபோது அவள் குரல் தாழ்ந்துவிட்டது. "ராத்திரி ஒருத்தர்தான் கூட இருக்கலாம். டாக்டர் இன்னும் கீழதான் இருக்காரு." கொஞ்சம் நிறுத்தினாள். "புருஷன் மட்டும்தான்."

ரெங்கசாமி எழுந்தான். ஸ்டூலைக் காலால் கன்னையாவின் பக்கம் நகர்த்தினான். "உக்காருடா," என்றான். கன்னையா உட்காரவில்லை. ரெங்கசாமி ஏதோ சொல்ல வந்தவன் போலத் தவமணியின் முகத்தருகே குனிந்து, சொல்லாமல் நிமிர்ந்து நடந்தான். படியில் அவன் இறங்கும் சத்தம் கடைசிப் படிவரை அவளுக்குக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் தெருவில் கார்கள் ஹார்ன் அடிக்கத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு பின்னாலிருந்து பல. யாரோ மலாயில் திட்டினார்கள். தவமணியால் தலையைத் தூக்க முடியவில்லை. "என்ன அது?" என்று கேட்டாள். கன்னையா ஜன்னலருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"அண்ணன்தான். லோரிய நடு ரோட்டுல போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு."

"எஞ்சின் ஓடுதா?"

"ஓடுது. கதவு தொறந்து கெடக்கு. ஒரு கால் வெளிய தொங்குது." அவன் இன்னும் எட்டிப் பார்த்தான். "எறங்கவும் இல்ல, எடுக்கவும் இல்ல."

தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. ஹார்ன் சத்தம் ஒன்றோடொன்று சேர்ந்து ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தது. அதற்கு அடியில், தாழ்வாக, அந்த லோரி எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதைத் தவமணி பிரித்துக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள்.